மேட்டுத் தெரு லைனும் என் புது பைக்கும்

புது வண்டி வாசலில் வந்து நின்றதும் அம்மா முதலில் பார்த்தது சீட்டை. "பின்னாடி உக்கார்றவங்க என்ன பாவம் பண்ணாங்க? உள்ளங்கை அகலந்தான் இருக்கு" என்றாள். அடுத்து, "இதுல கியர் எத்தன?"

ஐந்து என்றேன். அவள் முகம் மலர்ந்தது. காரணம் சாப்பிடும்போதுதான் வெளியே வந்தது.

அம்மா பால் டிப்போவிலிருந்து வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவள். பழைய மொபெட்டில் பக்கத்துக்கு ஒரு கேன் தொங்கும். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று நான் நெஞ்சை நிமிர்த்துவதில் பாதிப் பெருமை அந்த மொபெட்டின் சைலன்சருக்குச் சேரும். ஆனால் நிறைந்த கேனோடு அது மேட்டுத் தெரு ஏறாது. மேட்டில் புது வீடுகள் வந்துவிட்டதால் அங்கே பால் ஊற்றும் லைனுக்கு டிப்போவே ஒரு கியர் பைக் தருகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் காட்டினால் லைன் அம்மாவுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு.

"பழகறதுக்கு லைசென்சு, எல்எல்ஆர் போட்டாச்சு. இனி ஓட்டத்தான் தெரியணும்" என்றாள், குழம்புக்கு உப்புதான் பாக்கி என்பதுபோல.

நானே என் வண்டியைக் கடையிலிருந்து வீடு வரைக்கும்தான் ஓட்டியிருந்தேன். குனிந்து உட்கார்ந்தால் டேங்க் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது கியரில் முறுக்கினால் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். எல்லாவற்றையும் விளக்கினேன். கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை ஒட்டியும் பிரித்தும் காட்டினேன்.

"தட்டக் கீழ வச்சுட்டு சாவியக் குடு."

வீட்டுக்குப் பின்னால் காலி மனை. கொத்தனாரான அப்பா அங்கே மணல் குவித்து வைத்திருந்தார். அம்மா கிளட்சை டக்கென்று விட, வண்டி துள்ளித் துள்ளி நின்றது. எத்தனையோ தடவைக்குப் பிறகு ஒருவழியாகக் கிளம்பியது. இரண்டு முட்டியையும் அகல விரித்து, லாரி திருப்புவதுபோலப் பெரிதாக வளைத்து ஒரு சுற்று வந்தாள். நிறுத்தும்போதுதான் வம்பு. மொபெட்டில் இடது கைப்பிடி பிரேக்; இதிலோ அது கிளட்ச், பிரேக் வலது காலில். அம்மா அதை இறுக்கிப் பிடிக்க, வண்டி சுகமாக உருண்டு போய் மணலுக்குள் மூக்கை நுழைத்தது.

"பிரேக் புடிச்சேன், நிக்கவே இல்லடா. கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

"மணல் சலிக்க ஆள் தேடிட்டிருந்தேன்" என்றார் அப்பா, நகர்ந்து நின்று.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு மாட்டில் பால் கறந்துகொண்டிருந்தவள் கையைத் தூக்கிக் காட்டினாள். "விரல் விரலா விடுன்னு சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும்ல? தட்டு காட்டறான் தட்டு." மறுநாளிலிருந்து வண்டி துள்ளவில்லை.

பிரேக்குக்கு அப்பா ஒரு வழி பண்ணினார். அவள் சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் திடீரென்று "நிறுத்து" என்பார். அம்மா வலது காலைத் தரையில் மிதிக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுத் தரை அடி வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை டிப்போ பைக் வேறொரு லைனுக்குப் போயிருந்தது. நானும் அப்பாவும் துணைக்குப் போயிருந்தோம்; என் வண்டியிலேயே ஓட்டிக் காட்டச் சொன்னார் டிப்போ சூப்பர்வைசர். அம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மேட்டில் பாதி ஏறியதும், "அக்கா, நிறுத்துங்க" என்று குரல் கொடுத்தார். அம்மாவின் இடது கை இறுகியது. வண்டி தயங்கி, பின்னால் ஒரு சாண் சரிந்தது.

"நிறுத்து" என்றார் அப்பா, வீட்டில் சொல்கிற அதே குரலில்.

வலது கால் மிதித்தது. வண்டி ஆணி அடித்ததுபோல நின்றது. பிறகு, விரல் விரலாக, கிளட்ச் விடுபட்டது. உறுமிக்கொண்டே ஏறி மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தாள். கொஞ்ச நேரம் ஆளையே காணோம்.

"லைன் கெடச்ச மாதிரிதான். பொண்டாட்டி திரும்பக் கெடைப்பாளான்னுதான் தெரியல" என்றார் அப்பா.

வந்தாள். கன்னமெல்லாம் சிரிப்பு. "இது வண்டியே இல்லடா, அவுத்து விட்ட கன்னுக்குட்டி."

"நாளைக்கே டிப்போ வண்டிய எடுத்துக்கோங்க" என்ற சூப்பர்வைசர், "முட்டிய ஏங்க்கா அப்படி விரிச்சு ஓட்டறீங்க?" என்றார்.

"கேன் இடிக்கும்ல?"

"கேனே இல்லையே."

அம்மா குனிந்து இருபுறமும் பார்த்துவிட்டு முட்டிகளை டேங்க்கோடு ஒட்டிக்கொண்டாள். "அட, இது இன்னும் சௌரியமா இருக்கே." சாவிக்கு நான் கை நீட்டினேன். அவள் பின்சீட்டைத் தட்டிக் காட்டினாள். "ஏறு."

பின்னால் உட்கார்கிறவர்கள் என்ன பாவம் பண்ணினார்கள் என்பது வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது.