உப்பளத்தில் வைத்த துணிக் கக்கூஸ்

அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

மரக்காணம் உப்பளத்தில் ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை, கால்வாய்ப் பக்கம் திரும்பி நின்றால் போதும். உப்பு வாரும் பெண்கள் நாங்கள் எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் வெயிலும்தான். மறைவுக்கு ஒரு செடி கிடையாது. வீடு போய்ச் சேரும்வரை அடக்கிக்கொள்வோம். அடக்கி அடக்கி எனக்கு நீர்க்கடுப்பு நிரந்தரமாகிவிட்டது. போகும்போதெல்லாம் டாக்டரம்மாவிடம் திட்டு வாங்குவேன்.

போன கோடையில், குயிலாப்பாளையத்தில் ஆபீஸ் போட்டிருந்த ஒரு தொண்டு நிறுவனக் குழு வந்தது. எங்களுக்குக் கழிப்பறை கட்டப் போகிறார்களாம். கட்டுவதற்கு முன்னால் துணிக் கூடாரத்தில் ஒன்றை வைத்து, நாங்கள் பயன்படுத்துகிறோமா என்று பார்ப்பார்களாம். நல்ல யோசனைதான் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அதை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ரோட்டோரம், லாரியில் மூட்டை ஏற்றும் ஆண்கள் டீ குடிக்கிற கொட்டகைக்கு எதிரே! யார் யார் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ள, வாசலிலேயே நாற்காலி போட்டு, கையில் போனோடு அந்தக் குழுவின் ஆள் ஒருவர். நான் அவரிடம் போனேன்.

“சார், இதத் தூக்கி அந்தக் கடைசிப் பாத்திக் கரையோரமா வையுங்க.”

“அங்க வெச்சா யார் வந்து போறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுக்கா.”

“தெரியக் கூடாதுன்னுதான சொல்றேன்!”

சிரித்தார். கூடாரம் நகரவில்லை.

மதியம் என்னால் முடியவில்லை. முந்தானையை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனேன். வெளியே வந்ததும் அந்த ஆள் எழுந்து, போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, “எப்படி இருந்துச்சுக்கா?” என்றார். கொட்டகையில் கொல்லென்று ஒரு சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைப் பார்த்த பிறகு எங்களில் ஒருத்தியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சாயங்காலம் கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள்.

“ஒருத்தங்கதான் யூஸ் பண்ணாங்க சார். இங்க தேவை கம்மி” என்று எங்கள் உப்பள முதலாளியிடம் சொன்னார் அந்த ஆள்.

“நான்தான் அப்பவே சொன்னேனே” என்று முதலாளி பல்லிளித்தார்.

கூச்சமெல்லாம் எங்கே போனதோ, கொட்டகையில் இருந்தவர்கள் காதிலும் விழும்படி கேட்டேன்.

“எனக்கு இப்ப ஒண்ணுக்கு வருதுங்க. எங்க போவட்டும், சொல்லுங்க.”

முதலாளி தரையைப் பார்த்தார். அந்த ஆள் போனைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.