நான்கு பச்சை விளக்குகள்

என் வீட்டு ரவுட்டரில் நான்கு விளக்குகள். மின்சாரத்துக்கு ஒன்று, வெளியிலிருந்து வரும் லைனுக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. உத்திரமேரூரிலிருந்து கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வருகிற லைன் அது. வைக்கோலை உயரமாக ஏற்றிய வண்டி போனால் அறுந்துவிடும். அறுந்தால் இரண்டாவது விளக்கு சிவப்பாகச் சிமிட்டும், மூன்றாவது அணைந்துவிடும்.

அப்போதெல்லாம் என் மகனுக்கு மிஸ்டு கால் கொடுப்பேன். பூனாவில் நெட்வொர்க் வேலையில் இருக்கிறான். உடனே கூப்பிடுவான்.

"நைனா, எத்தினி லைட்டு எரியுது?"

"மூணு. ரெண்டு பச்ச, ஒண்ணு செவப்பு. செவப்பு சிமிட்டிக்கினு கீது."

கேபிள்காரரிடம் பேசிவிட்டு மறுபடி கூப்பிடுவான். லைன் வரும்வரை என்ன சாப்பிட்டேன், மோட்டார் ஓடுகிறதா என்று கேட்பான். என் மனைவி போன பிறகு எங்களுக்குள் பேச்சு என்று இருந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த விளக்குகளைச் சுற்றித்தான்.

போன வருடம் வந்தபோது ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். ஏஐ ஏஜென்ட் என்றான். அவன் கணினியில் இருந்தபடி என் ரவுட்டரைப் பார்க்க அதற்கு மூன்று கருவிகள் கொடுத்திருக்கிறானாம். ஒன்று, லைன் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டாவது, ரவுட்டர் எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது என்று சொல்லும். மூன்றாவது, எந்தெந்தப் போன், டிவி அதில் இணைந்திருக்கிறது என்று காட்டும்.

"உன் போனு கனெக்ட் ஆயி இருந்தா நீ வூட்டுல நல்லா கீறன்னு எனக்குத் தெரிஞ்சிடும். இனிமே நீ லைட்ட எண்ண வேணாம்."

இன்னொன்றும் சொன்னான். படுக்கும்முன் பிளக்கைப் பிடுங்காதே என்றான். எங்கள் ஊரில் இடிக்குப் பயந்து டிவி, ரவுட்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் படுப்போம். வானம் வெளுத்திருந்தாலும் கை அதைச் செய்துவிடும். நான் பிடுங்கினால் 'ரவுட்டர் நின்றுவிட்டது' என்று ஏஜென்ட் ராத்திரியெல்லாம் அவனுக்குச் செய்தி அனுப்புமாம். அவன் தூக்கம் கெடுமே என்று பிடுங்குவதை விட்டுவிட்டேன்.

அதன்பிறகு லைன் அறுந்தாலும் ஏஜென்ட்டே கேபிள்காரருக்குப் புகார் அனுப்பிவிடுகிறது. எனக்குப் போன் வருவது நின்றுபோனது.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. போன் கூடத்தில் சார்ஜரில் கிடந்தது. படுக்கையிலிருந்து ரவுட்டர் மட்டும் தெரிந்தது. எண்ணினேன். நான்கும் பச்சை. மறுபடி எண்ணினேன். அந்த நேரத்தில் பூனாவுக்கு 'எல்லாம் சரி' என்றுதான் செய்தி போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு அம்மாதான் வந்து கதவைத் தட்டினார்.

"இன்னா பெரியவரே, ரெண்டு நாளு பாலு வாசல்லயே கெட்டுக்கினு கீது. பூனைக்கு நேந்து வுட்டீங்களா?"

என் முகத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்திவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

தெம்பு வந்ததும் மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எல்லாம் ஓகேன்னுதான் காட்டுச்சு நைனா."

"ரவுட்டர் ஓகேதான். அதத்தான அது பாக்குது?"

வேலையில் இருந்தவரை ஏரியில் அளவுகோல் பார்த்துத் தண்ணீர் மட்டத்தை மேலதிகாரிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அளவுகோல் மட்டத்தைத்தான் சொல்லும். மதகு ஒழுகுவதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இதை அவனிடம் சொல்லவில்லை. பழைய வழக்கத்தையே வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். படுக்கும்போது பிடுங்குவேன், எழுந்ததும் செருகுவேன். ராத்திரிச் செய்தியை நிறுத்திவிடு, காலையில் ரவுட்டர் வரவில்லை என்றால் மட்டும் உன்னை எழுப்பச் சொல் என்றேன். சரி என்றான்.

இப்போது எழுந்ததும் முதல் வேலை அதுதான். செருகிவிட்டு நிற்பேன். ஒவ்வொன்றாக எரியும். நான்காவது எரிந்ததும் பல் துலக்கப் போவேன். போன் வராது. வராவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

போன வாரம் ஒரு நாள் விடியும்போதே கரண்ட் இல்லை. செருகியும் பயனில்லை. காபி கலக்கும்போது போன் அடித்தது.

"நைனா?" குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கரண்ட் இல்லப்பா. எழுந்துட்டேன்."

மூச்சு விட்டான். ஏரி நிரம்பிவிட்டதா என்று கேட்டான். உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியத் தொடங்கியதைச் சொன்னேன். அவன் ஆபீஸ் கேன்டீன் இட்லியைப் பற்றிச் சொன்னான். நான் அடுத்து எதையோ ஆரம்பித்தேன். கரண்ட் வந்துவிட்டது. விளக்குகள் எரியத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று.

"வந்துடுச்சு நைனா, இங்க காட்டுது. வச்சிடட்டா?"

"வச்சிடு," என்றேன்.

நான்காவதும் எரிந்தது.