ரிப்போர்ட்டில் இல்லாத குலசாமி

பங்குனி உத்திரத்தன்று எங்கள் லேப் பூட்டிக் கிடக்கும். கோவில்பட்டியில் பாதிப் பேர் அன்று ஊரில் இருப்பதில்லை. அவரவர் குலசாமி இருக்கும் காட்டுக்கோ கண்மாய்க் கரைக்கோ வேன் பிடித்துப் போய்விடுவார்கள். நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்ப்பேன். ஒன்றரை வயதில் பஸ் ஸ்டாண்டில் கிடந்தவன் நான். அனாதை இல்லத்தில் வளர்ந்தேன். அப்பன் பெயரே தெரியாதவனுக்கு அப்பன் வழிச் சாமி மட்டும் எங்கிருந்து தெரியும்?

லேபில் பில் போடும் பெண் வருடம் தவறாமல் கேட்பாள்.

"அண்ணாச்சி, இந்த வருசமும் நீங்க எங்கயும் போகலையா?"

"போகல."

"குலசாமி தெரியாதவிய திருச்செந்தூருக்குப் போவாவ. நீங்களும் போயிட்டு வரலாம்லா?"

அவள் நல்லதற்குத்தான் சொல்கிறாள். எனக்குத்தான் சுள்ளென்று கோபம் வரும். திருச்செந்தூரில் முருகனைக் கும்பிடலாம். ஆனால் என்னைப் பார்த்து, நீ இன்னார் பேரனல்லவா என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஐம்பது வயது முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் மரபணுப் பரிசோதனைக்கு ஆர்டர் போட்டேன். தபாலில் பெட்டி வந்தது. இருபத்தைந்து வருடமாக ஊராருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பவன், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்னக் குழாயில் எச்சில் துப்பினேன். அது நிறைய அரை மணி நேரம் ஆனது. பயத்தில் வாயில் தண்ணீரே ஊறவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து முடிவு ஃபோனுக்கு வந்தது. ஒரு வரைபடம். தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்த்து ஒரே பச்சை. நான் அநேகமாக முழுக்க அந்தப் பச்சைதானாம். மீதி கொஞ்சம் வடக்கே எங்கோ. கழுகுமலை வரும், எட்டயபுரம் வரும் என்று படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். பச்சைதான் பெரிதானது. நான் தெற்கத்தி ஆள் என்பதைக் கண்டுபிடிக்க எச்சில் எதற்கு? கண்ணாடி போதுமே.

கோபம் ஆறியபின் கீழே இருந்த விளக்கத்தைப் படித்தேன். சர்க்கரை ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே நார்மல் அளவைப் போடுவோம். அதோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். இதுவும் அப்படித்தான். ஏற்கெனவே அவர்களிடம் எச்சில் கொடுத்தவர்களில் யாரோடு என்னுடையது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பீடு, அவ்வளவே. அந்தக் கூட்டத்தில் எங்கள் கரிசல் காட்டு ஆட்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? சில மாதம் கழித்துப் பார்த்தால் வடக்குப் பங்கு காணாமலே போயிருந்தது. ஒப்பிடும் ஆட்களைக் கூட்டியிருக்கிறார்களாம். ஊரும் சாமியும் எச்சிலில் இருக்காது என்பது லேபிலேயே நரைத்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அதே பக்கத்தில் உறவுகள் என்று ஒரு பட்டியல். எனக்கு அதில் ஒரே ஒருவர்தான். மலேசியாவில் ஒரு இளைஞர். நாலைந்து தலைமுறைக்கு முன்னால் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒருவர் இருந்திருக்கலாம் என்றது. அப்பன் வழியா ஆத்தா வழியா என்றுகூடச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று உட்கார்ந்து அழுதேன்.

அவர்தான் முதலில் எழுதினார். "என் கொள்ளுத்தாத்தா ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். கோவில்பட்டிப் பக்கம் என்பது தவிர ஒன்றும் தெரியாது. என் மகளுக்கு இன்னும் முதல் மொட்டை போடவில்லை. நம் குலதெய்வம் எது அண்ணே?"

தெரியாது என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதினால் அந்த ஒருவரும் போய்விடுவாரோ என்று பயந்தேன். மேசையில் பில் போடும் பெண்ணின் தங்கை கல்யாணப் பத்திரிகை கிடந்தது. எங்கள் பக்கம் பத்திரிகையின் உச்சியில் குலசாமி பெயரைப் போட்டுத் 'துணை' என்று அச்சடிப்பார்கள். அதிலிருந்த அய்யனாரை, புதூர்ப் பக்கத்து ஊர்ப் பெயரோடு அப்படியே பார்த்து எழுதி அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஒரு படம் வந்தது. அய்யனார் பெயரைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, விளக்கேற்றி, குழந்தைக்கு மொட்டை போட்டிருந்தார்கள். சந்தனம் பூசிய தலையோடு அது சிரித்தது. "முடியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் அண்ணே. நேரில் வரும்போது சேர்த்துக் கோயிலில் செலுத்துவோம்." ஒன்றும் அறியாத பிள்ளையின் முடியை யார் வீட்டுச் சாமிக்கோ எடுக்க வைத்துவிட்டேன்.

இந்தப் பங்குனி உத்திரத்துக்குப் புதூர் பஸ் ஏறினேன், அந்த அய்யனாரிடம் மன்னிப்புக் கேட்க. குடும்பம் குடும்பமாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பூசாரி என் தேங்காய் பழத்தை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க எந்த வகையறா?"

எந்தக் குடும்பத்துக் கிளை என்று கேட்கிறார். அங்கே அதைச் சொல்லித்தான் பூசை. பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"மலேசியா வகையறா."

"ஏயப்பா, அம்புட்டு தூரத்துல இருந்தா வாரீங்க? துன்னூறு எத்தன பேருக்கு மடிக்கணும்?"

"நாலு பேருக்கு," என்றேன். அந்தத் தம்பி, அவர் மனைவி, குழந்தை, நான்.

திருநீற்றை நாலு பொட்டலமாக மடித்துத் தந்தார். ஒன்றை அங்கேயே பிரித்துப் பூசிக்கொண்டேன். மற்ற மூன்றை அனுப்புவதென்றால் முதலில் அந்தத் தம்பிக்கு உண்மையை எழுத வேண்டும். மூன்றும் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன.