சாவைப் பற்றிப் படிக்கிற பெண்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. ஒரு செல் தானே செத்துப்போக முடிவெடுத்தால், அதன் உட்கருவை எந்தப் புரதம் எப்படித் துண்டாடுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஏற்காட்டுக்கு வந்தவளை வீட்டில் திரும்பப் போகவிடவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணம் பேசி, கோயிலில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலையும் வாசித்துவிட்டார்கள். அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். பங்குச்சாமியாருக்கு அவர் வார்த்தையே போதும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்துத் தடை சொல்ல ஆளில்லை என்றால் கல்யாணம். அதோடு ஆராய்ச்சிக்கும் முழுக்கு என்று மாப்பிள்ளை வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். கண்டக்டர் வழியை மறித்துக்கொண்டார். "அப்பா சொல்லாம ஏத்தமாட்டேன் கண்ணு, ஊட்டுக்குப் போ." சேலத்துக்கு இறங்க இருக்கிற பஸ்ஸில் எல்லாம் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள்தான். என்ன ஊர் இது!

அந்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா வந்தார்.

"ஏனுங்க, புள்ள சாவைப் பத்திப் படிக்குதாமா? நல்ல காரியத்துக்கு ஆகுங்களா?"

அட கெரகமே! ஆனாலும், பயந்து ஓடட்டும் என்று விளக்கமாகவே சொன்னேன். செல்லை வெளியாள் வந்து கொல்ல வேண்டியதில்லை. டி.என்.ஏ.வை நறுக்குகிற புரதம் முதலிலிருந்தே உள்ளேதான் இருக்கிறது. இன்னொரு புரதம் அதை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. சாகும் நேரம் வந்தால் அந்தப் பிடி அறுபடும். நறுக்குகிற புரதம் உட்கருவுக்குள் புகுந்து எல்லாவற்றையும் நறுக்கிப் போட்டுவிடும்.

அவர் கன்னத்தில் கைவைத்து யோசித்தார். "அப்ப புடிச்சு வெச்சிருக்கறதுதானுங்க நல்லது. உட்டாத்தானே கேடு?"

"நானும் நொம்ப நாளா அதைத்தானுங்க சொல்றேன்" என்றாள் அம்மா, என்னை ஒரு பார்வை பார்த்து.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது. கொல்லைப்பக்கம் போய் ஆத்திரம் தீர அழுதேன்.

மூன்றாம் ஞாயிறு. நற்கருணை அப்பம் வாங்கும்வரை விரதம் என்று நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாமியார் ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். அதற்கு யாரும் வாய் திறப்பது வழக்கமில்லை. நான் எழுந்து நின்றேன்.

"எனக்குச் சம்மதமில்லைங்க ஃபாதர்."

"ஐயோ, புள்ளைக்கு மயக்கமுங்க! காலையிலருந்து பட்டினி!" என்று அம்மா அலறினாள்.

பெஞ்சிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். பூசைக்கு வந்த இடத்தில் பட்டினியால் மயங்குவது எங்கள் கோயிலில் புதிதில்லை. பாவம், உண்மையாகவே பதறினார்கள். கைத்தாங்கலாக என்னை வெளியே இழுத்துப் போனார்கள். எனக்கு மயக்கமில்லை, சம்மதமில்லை என்று கத்தினேன். "வெறும் வயிறு, பெனாத்துது பாரு" என்று ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். இன்னொருத்தி தலையைச் சாய்த்து வாயில் சோடாவை ஊற்றினாள். நான் புரையேறி இருமிக்கொண்டிருந்தபோது, உள்ளே சாமியார் தடை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த ஜோடியின் ஓலையை வாசிக்க ஆரம்பித்தார்.