மணலால் ஒரு வானம்

சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று எனக்குத் தெரிந்தது, அண்ணன் பூதக்கண்ணாடியால் காகிதம் கொளுத்தக் கிளம்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில். அன்று அவனுக்கு அகப்பட்ட காகிதம் நிலக்கரிச் சுரங்கத்து ஸ்டோர்ஸில் வேலை பார்த்த அப்பா கொண்டுவந்தது. ஜப்பானிலிருந்து மெஷின் பாகங்கள் வந்த மரப்பெட்டியில், ஆட்டம் கொடுக்காமலிருக்கக் கசக்கித் திணித்திருந்த தாள். அதில் கட்டம் கட்டமாக ஒரு படக்கதை. எழுத்து ஒன்றும் புரியவில்லை. முகத்தில் பாதியைக் கண்களே எடுத்துக்கொண்ட ஒரு பெண், மழை வரப்போகிற வானத்துக்குக் கீழே தனியாக நின்றாள்.

அண்ணன் வெயிலுக்கு வாகு பார்ப்பதற்குள் நான் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டேன். வானத்தைக் காணோம். கறுப்புப் புள்ளிகள், அச்சடித்த ஒழுங்கில், வரிசை வரிசையாக. இடையில் வெறும் வெள்ளைக் காகிதம். கண்ணாடியை விலக்கினால் மேகம், வைத்தால் புள்ளி. விலக்கினேன், வைத்தேன், மறுபடி விலக்கினேன். யாரோ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு என் கண்ணையே ஏமாற்றியிருக்கிறார்கள்.

"எரிக்கணும், நவுரு" என்றான் அண்ணன். தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

அந்த வாரம் எனக்குச் சாம்பல் அவசரமாகத் தேவைப்பட்டது. பள்ளி ஆண்டு மலரின் அட்டைக்கு நான் படம் வரைந்திருந்தேன்: சாயங்காலச் சுரங்கம், அதன் விளிம்பில் மண்ணை வாரும் பெரிய சக்கர மெஷின். வானத்துக்கு இந்தியன் இங்க்கில் தண்ணீர் கலந்து பூசியிருந்தேன். டிராயிங் சார் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பண்ருட்டி பிரஸ்ஸுல லைன் பிளாக்தாம்மா போடுவாங்க. கறுப்பு வரும், வெள்ளை வரும். நடுவுல ஒண்ணும் வராது. வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திக் குடு. இல்லன்னா போன வருஷத் தாமரையவே போட்டுடறேன்."

தாமரையிடம் தோற்க நான் தயாராக இல்லை. படத்தைப் புதிய தாளில் கோடுகளாக மறுபடி வரைந்தேன். பேனாவால் ஒவ்வொரு புள்ளியாக வானத்தை வைத்துப் பழகிப் பார்த்தேன். "வானத்துக்கு அம்மை போட்டிருக்கு" என்றான் அண்ணன். டீ வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு டூத் பிரஷ்ஷால் மை தெளித்தேன். காகிதத்தைவிட என் சட்டைக்கும் சமையலறைச் சுவருக்கும்தான் அதிகம் போயிற்று. அம்மா வடிகட்டியைக் கழுவியபடி வைததில் பாதியை இங்கே எழுத முடியாது.

அம்மாவின் தங்கை எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கி, சுரங்கத்து டிராயிங் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வரைபடங்களைப் படியெடுக்கும் டிரேசர் வேலை. சித்தி அந்த ஜப்பான் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அட, இது எங்க மணல்" என்றாள். மறுநாள் சாயங்காலம் கைப்பையிலிருந்து துண்டு துண்டாகக் கண்ணாடித்தாள்களை எடுத்துப் போட்டாள். எல்லாவற்றிலும் புள்ளி, கோடு, அடியில் பசை. பூமிக்குள் என்னென்ன அடுக்கு இருக்கிறது என்று காட்டும் வரைபடங்களில் இவற்றை வெட்டி ஒட்டுவார்களாம்.

"புள்ளி போட்டது மணல். கோடு போட்டது களிமண். முழுக் கறுப்பு நிலக்கரி. வெட்டி மிஞ்சினதுதான், குப்பைக்குப் போறது. வீட்டை நாறடிக்காம செய்" என்று சொல்லிவிட்டுத் துவைக்கப் போய்விட்டாள்.

முதல் துண்டைப் படத்தின்மேல் வைத்து அப்பாவின் பழைய பிளேடால் வெட்டினேன். தாளோடு சேர்ந்து வானமும் கிழிந்தது. பின்பக்கம் காகிதம் ஒட்டிச் சரிசெய்துகொண்டு, அடுத்ததைக் கையில் கனமே இல்லாமல் வெட்டினேன். ஸ்பூனின் முதுகால் தேய்க்கத் தேய்க்கப் புள்ளிகள் காகிதத்துக்குள் இறங்கி உட்கார்ந்தன. சாம்பல் வந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், வெறும் கறுப்பிலிருந்து.

ஆனால் சாயங்காலத்துக்கு அது போதவில்லை, வெளிறித் தெரிந்தது. அதன்மேலேயே இன்னொரு துண்டை வைத்தேன். சற்றுக் கோணலாக விழுந்தது. அப்போதுதான் அது நடந்தது. புள்ளிகளுக்குள்ளிருந்து பூக்கள் எழுந்தன. வட்ட வட்டமாக, கோலம் போட்டதுபோல், வானம் முழுக்க. மேல்தாளை விரல்நுனியால் கொஞ்சம் திருப்பினேன். பூக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊதிப் பெருத்தன. இன்னும் திருப்பினால் சுருங்கிச் சின்னதாயின. இரண்டு தாளிலும் பூ கிடையாது. தனித்தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்னே எங்கேயிருந்து வருகிறது? மூச்சுவிட்டால் கலைந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு, நேரம் போனது தெரியாமல் திருப்பிக்கொண்டேயிருந்தேன்.

"ஏண்டி, வானத்துல யாரு கோலம் போட்டது?" என்றாள் அம்மா. வைவதற்கு வந்தவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

சித்தி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். "மணலுக்கு மேல மணல். உன் மெஷின் பூமிக்கு அடியில நின்னு வேலை செய்யுது போ."

பூக்களைப் பெரிதாக வைத்தே ஒட்டினேன். வெள்ளிக்கிழமை, சார் படத்தை மூக்கருகே கொண்டுபோய், தூரமாகப் பிடித்து, மறுபடி மூக்கருகே கொண்டுவந்தார். "எதுலம்மா செஞ்சே?"

"மணல்ல சார்."

தாமரை தோற்றது.

மலர் அச்சாகி வந்தது. என் பெரிய படம் கையகல அட்டைக்குள் அடங்கியிருந்தது. பூக்கள் இல்லை. புள்ளிகூட இல்லை. வானம் நிலக்கரிபோல் ஒரே கறுப்பு. மெஷினின் விளக்கு மட்டும் வெள்ளையாக இருந்தது. "நைட் ஷிஃப்ட் பிரமாதம்மா" என்று சாரே முதுகில் தட்டினார். வகுப்பில் எல்லாரும் அதையே சொன்னார்கள். அது சாயங்காலம் என்று ஒருவரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வானத்தின் ஒரு மூலையில் மட்டும் சில புள்ளிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பிழைத்திருந்தன. படம் சுருங்கினால் புள்ளிக்கு நடுவேயுள்ள வெள்ளையும் சுருங்கும், கடைசியில் மை அதை விழுங்கிவிடும் என்பதெல்லாம் விளங்க எனக்குப் பல வருடம் ஆயிற்று. அன்று தெரிந்தது ஒன்றுதான்: அவற்றுக்கு இடம் போதவில்லை.

"சித்தி, இதைவிடப் பெரிய புள்ளியா, தள்ளித் தள்ளிப் போட்டது இருக்கா?"

"இருக்கு. அது கூழாங்கல்லுக்கு."

அடுத்த வருஷத்து வானம் கூழாங்கல்தான் என்று அங்கேயே முடிவாயிற்று.