நெல் வெட்டும் சீனர் இருவர்

என்னிடமுள்ள பழைய சீனத் தபால் முத்திரைகளில் நெல் வெட்டுபவன் படம் போட்டவை இரண்டு. ஒன்று லண்டனில் அச்சானது, மற்றது பீக்கிங்கில். லண்டன்காரனின் தொப்பி விளிம்பு தடித்து நேராக இருக்கும். பீக்கிங்காரனுடையது மெலிந்து மேலே வளைந்திருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தவன் மட்டக்களப்பில் நான் ஒருவன்தான் என்று நெடுநாள் பெருமைப்பட்டிருக்கிறேன். போட்டிக்கு யாரும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சென்ற மாதம் கண் டொக்டர் சொன்னார்: "ஓரம் மிஞ்சும் சேர். நடுப்பார்வைதான் போகுது. திருப்பி எடுக்க ஏலா." இலக்கியத்தில் ஆயுள் முழுக்க ஓரத்தில் நின்றவனுக்கு இது பெரிய மாற்றமில்லை என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் வாவியில் ஒரு தோணி போனது. நேரே பார்த்தேன், தோணி இல்லை.

நேற்றுக் காலை, டொக்டர் சொன்னது பிழை என்று நிறுவப் புறப்பட்டேன். இரண்டு முத்திரைகளையும் சாமணத்தால் அல்பத்திலிருந்து எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மேசையில் இடம் மாற்றி மாற்றி வைத்தேன். பிறகு பூதக்கண்ணாடியைப் பிடித்தேன். தொப்பி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் புகை. தலையைச் சரித்தால் வயல் தெரிகிறது, மரம் தெரிகிறது. ஆளைத் தேடினால் ஆள் போய்விடுகிறான். மற்றவனும் அப்படியே. இனி எவன் லண்டன், எவன் பீக்கிங்? முத்திரையின் முதுகில் பென்சில் படக்கூடாது என்ற என் கொள்கையால் அடையாளமும் கிடையாது.

மனைவியைக் கூப்பிட்டேன். செங்கலடிப் பக்கம் வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தவள்.

"என்ன, தனியாளா வெட்டுறான்? எங்கட வயல் வட்டையில எண்டா இவன் முடிக்கிறதுக்குள்ள மழை வந்திரும்."

"தொப்பியப் பாரு. விளிம்பு எதில வளைஞ்சிருக்கு?"

"ரெண்டும் ஒரே தொப்பிதானே."

"வடிவாப் பாரு."

பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தாள். அவள் முத்திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஞ்சியிருக்கும் ஓரத்தில் அது நன்றாகவே தெரிந்தது.

"இதுதான் வளைஞ்சது," என்று இடப்பக்கத்தைத் தொட்டாள்.

"நிச்சயமா?"

"உங்களுக்கு எது வளைஞ்சிருக்கணும்?"

தலையைச் சரித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அப்ப இதுதான்," என்று சொல்லி, பீக்கிங்குக்கு உரிய இடத்தை என்னிடம் கேட்டு, அதில் அவளே செருகினாள். வெறும் விரலால். முத்திரையை விரலால் தொட்டதற்கு என்னிடம் ஏச்சு வாங்காதவர் எங்கள் வீட்டில் இல்லை. நேற்று நான் ஒன்றும் சொல்லவில்லை.