சும்மா அளந்து பாக்குறேன்

காலை ஏழு மணிக்கு நல்வாடா பிளாஸ்டிக் பேசினைத் தலையில் வைத்துக்கொண்டு தன் ஊரான கியெங்கெராவிலிருந்து நடக்கத் தொடங்குகிறாள். பேசினுக்குள் பிரசவ விரிப்பு, கையுறை, பஞ்சு, பிரிக்காத பிளேடு. வலி இன்னும் வரவில்லை. ஒன்பதாம் மாதம் பிறந்ததிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பி வருகிறாள். நோய் பரவியதும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றக் கூடாது. காரில் போக மாவட்ட அதிகாரியின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்கும் நடந்துதான் போக வேண்டும்.

முதல் நாள் போய்ச்சேர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. போன திங்கட்கிழமை இரண்டு மணி பத்து.

கல்யாணத்துக்கு உடுத்தும், தோள் கூராக நிற்கும் கோமெசி உடை தைப்பதில் அவள் கைகாரி. அளவு நாடா கோயிலிலும் கழுத்தைவிட்டு இறங்காது. ஒரு பெண் தெருவில் எதிரே வந்தால் போதும், எத்தனையாவது மாதம் என்று அந்தப் பெண்ணின் கணவனுக்கும் முன்பே நல்வாடாவுக்குத் தெரிந்துவிடும். இப்போது கல்யாணங்கள் இல்லை. மிஞ்சிய துணியில் முகக்கவசம் தைக்கிறாள்.

எங்கே போகிறாய் என்று யார் கேட்டாலும், "சும்மா அளந்து பாக்குறேன்" என்பாள். நிஜமாகவே வலி எடுத்தாலும் அதையேதான் சொல்வாள். பிரசவ வலியை அவர்கள் பக்கத்தில் வெளியே சொல்வதில்லை. நாலு பேர் காதில் விழுந்துவிட்டால் பிள்ளை இறங்காது என்று பயம்.

கணவன் கசிரியே லாரி ஓட்டுகிறான். மலாபா எல்லையில் இரண்டு வாரமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "ரோடு போடப் போறியாடி? எத்தனை தடவை அளப்பே?" என்று போனில் சிரித்தான்.

"உங்க லாரி நிக்குது. என் கால் நடக்குது. பேசாம இருங்க."

அவள் பயம் தூரத்தோடு முடியவில்லை. பக்கத்து வீட்டு பபிரியே போன மாதம் வலியோடு வெயிலில் நடந்துபோனாள். வாசலில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை நெற்றிக்கு நேரே பிடித்தார்கள். எண் ஏறிக் காட்டியது. பின்பக்கக் கூடாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பிறந்த பிள்ளையை அப்போதே எடுத்துக்கொண்டு போனார்கள். நோய் இல்லை என்ற முடிவு பதினோராம் நாள் வந்தது. அதற்குள் பால் வற்றிவிட்டது. "வெயிலுக்கும் வியாதிக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியலக்கா" என்று மட்டும் பபிரியே சொன்னாள். அன்றிலிருந்து நல்வாடாவுக்கு வயிற்றைவிட நெற்றியைப் பற்றித்தான் கவலை. தையல் நடுவே மிஷினை நிறுத்திப் புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அரை முழம் தைத்ததும் மறுபடி.

நடக்கும் முறையில்லாத புதன்கிழமை ஒன்பது மணிக்கு, வெயில் ஏறிய பிறகு, வீட்டிலேயே வலி வந்தது. பேசினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

பாதி வழியில் சோதனைச் சாவடி. அங்கிருந்த சிப்பாய் அவளை நன்றாக அறிவான். "இன்னைக்கும் அளவாம்மா?" என்று கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது இடுப்பைப் பிளந்துகொண்டு வந்தது. பேசினை இரண்டு கையாலும் பிடித்தபடி முழங்கால் மடங்கி மண்ணில் இறங்கினாள். பெண்கள் மண்டியிட்டுத்தான் ஆண்களுக்கு வணக்கம் சொல்லும் ஊர். அவனும் அப்படியே எடுத்துக்கொண்டான்.

"வயித்துப் பிள்ளையோட எதுக்கும்மா மண்டி போடுறீங்க?" என்று கூச்சப்பட்டான். ஆனாலும் வளர்ந்த முறைப்படி நலம் கேட்டான். வீட்டில் எல்லோரும் சுகமா? "ம்ம்." ராத்திரி நல்லபடி போச்சா? "ம்ம்ம்." மழை உண்டா? "ம்ம்ம்ம்." அவர்கள் வணக்கத்தில் பாதி இந்த முனகல்தான். அதற்குள்ளேயே ஒரு வலி வந்து போய்விட்டது. ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் எழுந்து, அவன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது நெற்றி இஸ்திரிப் பெட்டியாகக் காய்ந்தது. நரைத்த தலைக் காவலாளி ஒருவர் காய்ச்சல் துப்பாக்கியைப் பிடித்து நின்றார். வாசலோரம் பலாமரத்து நிழல் ஒரு பாய் அளவுக்கு விழுந்திருந்தது. நல்வாடா பேசினை இறக்கி வைத்தாள். நிழலுக்குள் போய் மண்டியிட்டாள். வணங்குகிற பெண்ணுக்கு நேரே துப்பாக்கியை நீட்ட எந்த நல்ல வீட்டு மனிதருக்கும் கை வராது. அவர் தாழ்த்தினார்.

நெற்றி ஆறட்டும் என்று வீட்டைக் கேட்டாள். மனைவியைக் கேட்டாள். பிள்ளைகளை ஒவ்வொருவராக, மருமக்களை, வாழைத்தோட்டத்தை, சினைமாட்டை. அவர் ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். இடையில் இரண்டு தடவை வலி வந்தது. இரண்டு தடவையும் முனகினாள். "இங்க என்ன, பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்?" என்று வரிசையில் ஒருத்தி பின்னாலிருந்து சலித்துக்கொண்டாள்.

இரண்டாவது முனகல் வணக்கத்துக்குத் தேவையானதைவிட நீண்டது. காவலாளி பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "விசாரிக்க இன்னும் யாராச்சும் இருக்காங்களாம்மா?"

அவள் யோசித்தாள். யாரும் இல்லை. தலைத்துணியை அவிழ்த்து, அதன் காய்ந்த ஓரத்தால் நெற்றியை மெதுவாக ஒற்றினாள். பிறகு கண்ணை மூடி முகத்தை அவர் பக்கம் நிமிர்த்தினாள்.